படைவீரருக்கு யார் அமைச்சர்?

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குமாரமங்கலம் ஒரு சிற்றூர். அவ்வூர் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த டாக்டர் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். அவருடைய மகன் ஜெனரல் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி. இரண்டாம் உலகப் போரில் பீரங்கிப் படை அதிகாரியாக நின்று டி.எஸ்.ஓ. விருது பெற்றவர், எதிரியிடம் போர்க்கைதியாகவும் இருந்தவர். இன்னொரு மகன் மோகன் குமாரமங்கலம் மத்தியில் உருக்கு, சுரங்கத் துறை அமைச்சராக இருந்தவர். அமைச்சரும் தளபதியும் ஒரே வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ள வாய்த்த குடும்பம் அது.

அதே சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்துதான் சிப்பாயாகவும் நாயக்காகவும் ஹவில்தாராகவும் ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள், இன்றும் போகிறார்கள். ஆத்தூர், ஓமலூர், எடப்பாடி, இராசிபுரம், பரமத்திவேலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஊருக்கு நாலு ‘மிலிட்டரிக்காரர் வீடு’ உண்டு. இவர்களில் பெரும்பாலோர் நாற்பது வயதை ஒட்டியே சீருடையைக் கழற்றிவிடுகிறார்கள். மற்ற அரசு ஊழியர் பதவி உயர்வை எண்ணிக்கொண்டிருக்கும் வயது அது. பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள், வீட்டுக்கடன் பாதிகூடத் தீர்ந்திருக்காது. அதற்குப் பிறகு இன்னும் முப்பது, நாற்பது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. அந்த வாழ்க்கைக்குப் பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டால், கையில் இருக்கும் தாளைப் பொறுத்துப் பதில் மாறும். ஓய்வூதியத்தில் பிழை என்றால் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகமும் அதன் ‘ஸ்பர்ஷ்’ இணையவழி முறையும். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவி பெயரோ மகள் பிறந்த தேதியோ தவறாக இருந்தால் ரெக்கார்ட் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சேப்பர்ஸ் என்றால் பெங்களூரு. மருத்துவம் என்றால் 2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். திட்டத்தின் பாலிகிளினிக். பிள்ளைகளின் கல்வி உதவி, வேலைவாய்ப்புப் பதிவு, திருமண உதவி ஆகியவற்றுக்கு மட்டுமே மாவட்ட அலுவலகம் நேரடியாக ஏதாவது செய்ய முடியும். மற்றதற்கெல்லாம் அந்த அலுவலகம் பரிந்துரைக் கடிதம் எழுதும். பிறகு காத்திருக்கச் சொல்லும்.

நம் ஊர்ப் பெண்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. தமிழர் பெயருக்கு முன்னால் இருப்பது தலைப்பெழுத்து. படைப் பதிவேடு கேட்பதோ முதல் பெயரும் குடும்பப் பெயரும். மாரியாயி என்ற பெயரை வடநாட்டுக் கிளார்க் ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் ஒரு விதமாக எழுதியிருப்பார், ஆதார் அட்டையில் அது வேறு விதமாக இருக்கும். கணவர் இருக்கும்வரை அந்த ஓர் எழுத்து வித்தியாசம் யார் கண்ணிலும் படாது. அவர் போன மறுமாதம் குடும்ப ஓய்வூதியத்துக்கு மனுப் போடும்போதுதான் அது மலையாக எழுந்து நிற்கும்.

சட்டப்படி பொறுப்பு எங்கே இருக்கிறது? பாதுகாப்பு என்பது மத்தியப் பட்டியலில் உள்ளது. ஆனால் சீருடையைக் கழற்றியவரின் நலம் மத்திய அரசும் மாநில அரசுகளும் சேர்ந்து சுமக்கும் பொறுப்பு என்பதே அரசின் நிலைப்பாடு. டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்துக்குள் முன்னாள் படைவீரர் நலத்துறை என்ற தனித்துறை 2004 செப்டம்பரில்தான் உருவானது. அதற்குத் தனி அமைச்சர் கிடையாது. பாதுகாப்பு அமைச்சரும் இணையமைச்சரும் தங்கள் மற்ற வேலைகளோடு அதையும் கவனிக்கிறார்கள். முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் மத்திய சைனிக் வாரியத்துக்கும் பாதுகாப்பு அமைச்சரே தலைவர், மாநில முதலமைச்சர்கள் உறுப்பினர்கள். மத்தியும் மாநிலமும் ஒரே மேசையில் உட்காரும் இடம் அது ஒன்றுதான். 2023 ஏப்ரலில் நடந்தது அதன் 31-ஆவது கூட்டம். தொடக்கத்திலிருந்தே எண்ணியது என்றால், நூறாண்டு மூலம் கொண்ட ஓர் அமைப்பு மூன்றாண்டுக்கு ஒருமுறைகூடக் கூடியதில்லை என்று இந்த எண் சொல்கிறது.

தமிழ்நாட்டில் இத்துறை தலைமைச் செயலகத்தின் பொதுத் துறைக்குக் கீழ் வருகிறது. மாவட்ட சைனிக் வாரியத்துக்கு ஆட்சியர் தலைவர். உதவி இயக்குநர் அன்றாட வேலையைப் பார்க்கிறார். நாமக்கல் 1997-இல் தனி மாவட்டமான பிறகு சேலத்துக்கு ஓர் அலுவலகம், நாமக்கல்லுக்கு ஓர் அலுவலகம் என்றாயிற்று. இந்த அலுவலகங்களின் செலவில் 60 விழுக்காட்டை மத்திய அரசு தருகிறது, 40 விழுக்காட்டை மாநில அரசு தருகிறது. மலை மாநிலங்கள் போன்ற சிறப்புப் பிரிவு மாநிலங்களுக்கு மத்தியின் பங்கு 75. செலவைப் பங்கிட்டதில் கணக்கு இவ்வளவு துல்லியமாக இருக்கிறது. பதில் சொல்லும் கடமையைப் பங்கிட்டதில் அப்படி ஒரு கணக்கு இல்லை.

இந்த அமைப்பு ஏன் இப்படி ஆனது என்பதற்கு அதன் பிறப்பிலேயே விடை இருக்கிறது. முதல் உலகப் போரின் நடுவில், 1917-இல், பிரிட்டிஷ் இந்திய அரசு மத்திய ஆள்சேர்ப்பு வாரியத்தை அமைத்தது. போர் முடிந்ததும் அதுவே இந்தியப் படைவீரர் வாரியமாக உருமாறியது. 1951-இல் கடற்படை, விமானப்படை வீரர்களையும் பெயரில் சேர்த்துக்கொண்டது. 1975-இல் கேந்திரிய சைனிக் வாரியம் ஆயிற்று. ஆகத் திரும்பி வந்தவரின் நலம் என்பது இங்கே ஆள்சேர்ப்பின் துணைவேலையாகப் பிறந்தது. ஊரில் மிலிட்டரிக்காரர் குடும்பம் கௌரவமாக வாழ்ந்தால்தான் அடுத்த பையன் சேருவான் என்ற கணக்கு அது. மாவட்ட ஆட்சியரை அதற்குத் தலைவராக்கியதும் அந்தக் கணக்கில்தான்: வரி வசூலிப்பவரும் ஆள் திரட்டுபவரும் அவரே.

அதே 1917-இல் ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. போரிலிருந்து திரும்புவோரின் மறுவாழ்வுக்கென்றே ஓர் அமைச்சர் பதவியை உருவாக்கி, செனட்டர் எட்வர்ட் மில்லனை அதில் அமர்த்தியது. கனடா 1944-இல் போர் முடியும் முன்பே முன்னாள் வீரர் துறையை அமைத்து இயன் மெக்கன்சியை அமைச்சராக்கியது. அமெரிக்காவில் 1930 முதல் இருந்த முன்னாள் வீரர் நிர்வாகம் 1989-இல் அமைச்சரவைத் தகுதி பெற்றது. அந்த நாடுகளிலெல்லாம் திரும்பி வந்தவர் வாக்காளர். 1917-இன் சேலம் ஜில்லாச் சிப்பாய்க்கு வாக்கு இல்லை. விடுதலைக்குப் பிறகு எல்லோருக்கும் வாக்கு வந்தது. ஆனால் பழைய வாரியமும் பழைய ஏற்பாடும் அப்படியே தொடர்ந்தன.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இந்தியப் படையில் இருபத்தைந்து லட்சம் பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் சில ஆண்டுச் சேவையோடு, ஓய்வூதியத் தகுதி இல்லாமல், வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சென்னை மாகாண அரசு அப்போது சிறிய அளவிலேனும் வேறு யோசனை செய்தது. வயநாட்டில் அம்பலவயல் பகுதியில் நிலம் கொடுத்து முன்னாள் வீரர்களைக் குடியேற்றியது. அவர்களுக்குத் துணையாக 1946-இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் இன்றும் அங்கே இருக்கிறது. 1949 முதல் டிசம்பர் 7, படைவீரர் நலனுக்கு நிதி திரட்டும் கொடிநாள் ஆயிற்று. ஒவ்வோர் ஆண்டும் ஆட்சியர் முதல் நன்கொடையைப் போட்டு வசூலைத் தொடங்கிவைக்கிறார், அரசு அலுவலகங்கள் வழியே பணம் திரள்கிறது. கொடிநாளை நான் குறைத்துப் பேசவில்லை. பள்ளிப் பிள்ளைகள் சட்டையில் குத்திக்கொள்ளும் அந்தச் சின்னக் கொடி பல விதவைகளின் வீட்டில் கல்விக் கட்டணமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் உரிமையாகக் கிடைக்க வேண்டியதும் உதவியாகக் கிடைப்பதும் ஒரே அலுவலகத்தில் கலந்துவிடும்போது, கேட்பவர் எல்லாவற்றையும் உதவி கேட்பதுபோலவே கேட்கப் பழகிவிடுகிறார்.

அமைச்சர் என்று ஒருவர் பொறுப்பில் இல்லாததன் விலையை ஓய்வூதிய வரலாற்றில் பார்க்கலாம். மூன்றாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 1973-இல், ஜவான்களின் ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தின் 70 விழுக்காட்டிலிருந்து 50-க்கு இறக்கப்பட்டது என்பது முன்னாள் வீரர்களின் நெடுநாள் முறையீடு. ஒரே பதவி, ஒரே சேவைக்காலம், ஒரே ஓய்வூதியம் என்ற கோரிக்கை அதிலிருந்து வளர்ந்தது. இடையில் சி. சுப்பிரமணியமும் ஆர். வெங்கட்ராமனும் பாதுகாப்பு அமைச்சர்களாக இருந்தார்கள்; தமிழர் என்பதால் கோப்பு நகர்ந்துவிடவில்லை. எல்லை, ஆயுதக் கொள்முதல், அண்டை நாடு என்று பாதுகாப்பு அமைச்சரின் மேசையில் எப்போதும் அவசரமான ஒன்று இருக்கும். வயதானவரின் ஓய்வூதியக் கோப்பு அதற்கு அடியில் போவது இயல்பு. 2015 ஜூன் மாதம் டெல்லி ஜந்தர் மந்தரில் பதக்கங்களை மார்பில் குத்திக்கொண்டு முதியவர்கள் போராட உட்கார்ந்த பிறகு, செப்டம்பர் 5 அன்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அறிவிப்பு வெளியிட்டார். நவம்பரில் ஆணை வந்தது. 2014 ஜூலை 1 முதல் அமல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தம்.

அந்த ஐந்தாண்டுத் திருத்தம் 2019-இல் வந்திருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2022 மார்ச்சில் தீர்ப்புச் சொல்லி, அமைச்சரவை அந்த ஆண்டு டிசம்பரில் ஒப்புதல் தந்து, பிறகு நிலுவையை எப்போது தருவது என்று இன்னொரு வழக்கு நடந்தது. 2023 ஜனவரியில் அமைச்சகம் தவணையை நீட்டித் தானாகவே ஒரு கடிதம் அனுப்ப, நீதிமன்றம் அதைக் கண்டித்தது. கடைசியில் மார்ச் 20 அன்று நீதிபதிகளே அட்டவணை போட்டார்கள்: குடும்ப ஓய்வூதியம் பெறும் ஆறு லட்சம் பேருக்கும் வீரதீர விருதாளர்களுக்கும் ஏப்ரல் 30-க்குள், எழுபது வயது கடந்தவர்களுக்கு ஜூன் 30-க்குள், மற்றவர்களுக்கு 2024 பிப்ரவரி 28-க்குள் மூன்று தவணையில். யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று பார்த்துப் பார்த்துப் பிரிப்பது ஓர் அமைச்சர் செய்ய வேண்டிய வேலை. அதைத் தலைமை நீதிபதியின் அமர்வு செய்தது.

அமைச்சர் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2022 ஏப்ரலில், ஆண்டு அடையாளச் சான்று வந்து சேரவில்லை என்பதால் 58,000-க்கும் மேற்பட்டோரின் பாதுகாப்பு ஓய்வூதியம் நின்றுபோனது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் ஒரே ஆணையில் விலக்குக் கொடுத்து, நின்ற பணம் விடுவிக்கப்பட்டது. ஊனமுற்றோர் ஓய்வூதியத்திலும் ஒரு சான்று உண்டு. தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் தெளிவாகச் சொன்னது: சேரும்போது நோயில்லை என்று பதிவு இருந்தால், பிறகு வந்த நோய் சேவையால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிறுவுவது அரசின் வேலை. அதற்குப் பிறகும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் வென்ற ஊனமுற்ற வீரர்களை எதிர்த்து அமைச்சகம் மேல்முறையீடு செய்துகொண்டிருந்தது. இப்படித் தன் வீரரோடு தானே வழக்காடுவதைக் குறைக்க 2015-இல் பாரிக்கர் ஒரு வல்லுநர் குழு அமைத்தார். முன்னாள் வீரர் நலத்துக்கு ஓர் அமைச்சர் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். புதுத் திட்டம் அறிவிப்பதைவிட, தன் துறையே தொடுக்கும் வழக்கை நிறுத்துவது கடினம். அதற்குச் செயலாளரின் கையெழுத்து போதாது.

அமெரிக்காவில் எரிக் ஷின்செக்கி என்ற முன்னாள் தரைப்படைத் தளபதி முன்னாள் வீரர் துறைக்கு அமைச்சராக இருந்தார். 2014-இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகர மருத்துவமனையில், நோயாளிகள் எத்தனை நாள் காத்திருக்கிறார்கள் என்பதை மறைக்க ரகசியப் பட்டியல் வைத்திருந்தது வெளியானது. மே 30 அன்று அவர் பதவி விலகினார். பட்டியலை எழுதியது அவரல்ல. ஆனால் வரிசையில் நின்றவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். இங்கே இ.சி.எச்.எஸ். நிலுவை ஏறியதால் தனியார் மருத்துவமனை அட்டையை ஏற்க மறுக்கும்போது, நெஞ்சு வலியோடு வந்த ஓய்வுபெற்ற சுபேதாருக்கு எந்த அமைச்சர் பதில் சொல்கிறார்? தனி அமைச்சர் இருந்தால் வரிசை குறைந்துவிடும் என்று ஃபீனிக்ஸ் காட்டவில்லை. வரிசை வெளிச்சத்துக்கு வந்தபோது யாரை நிறுத்திக் கேட்பது என்ற குழப்பம் அங்கே இல்லை.

பிரிட்டனில் 2019-இல்தான் முன்னாள் வீரர் விவகாரத்துக்கென அமைச்சரவை அலுவலகத்தில் தனிப் பிரிவு வந்தது. அதன் அமைச்சர் ஜானி மெர்சர், வட அயர்லாந்தில் பணியாற்றிய முன்னாள் வீரர்களுக்குக் கொடுத்த வாக்கை அரசு காப்பாற்றவில்லை என்று சொல்லி 2021-இல் வெளியேறினார். அவர் நிலைப்பாடு சரியா தவறா என்பது வேறு. அந்தப் பதவி இருந்ததால் அந்தச் சண்டை பொதுவெளியில் நடந்தது.

இந்தியாவிலும் மாநில அளவில் இந்தப் பொறுப்புப் பெயரோடு இருக்கிறது. பஞ்சாபில் பாதுகாப்புப் படையினர் நலத்துக்கு அமைச்சர் உண்டு. உத்தராகண்டில் முன்னாள் படைவீரரான கணேஷ் ஜோஷி சைனிக் நல அமைச்சரானார். ராஜஸ்தானில் 2024 ஜனவரியில் கர்னல் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் மற்ற துறைகளோடு சைனிக் நலத்தையும் ஏற்றார். அங்கெல்லாம் வீட்டுக்கு வீடு படைவீரர். வாக்கு எண்ணிக்கையில் அவர்கள் கனமானவர்கள். சேலம், நாமக்கல் தொகுதிகளில் அந்தக் கனம் இல்லை. அதனாலேயே பொறுப்பு எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். எண்ணிக்கையில் சிறியவர்களுக்குத்தான் எழுதிவைத்த பொறுப்பு அதிகம் தேவைப்படுகிறது.

பதவிப் பலகை ஒன்று கூடுவதால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மூன்று பெரிய துறைகளுக்கு வாலாக நாலாவதாக இதையும் ஒட்டினால் எதுவும் ஆகாது. நான் எண்ணிப் பார்ப்பது இந்தச் சமவெளியின் வேலைகளை வைத்து. தரைப்படையின் பழுதுபார்ப்புப் பிரிவான இ.எம்.இ.யில் டாங்கி எஞ்சினைப் பிரித்துச் சேர்த்த ஒருவர் ஊர் திரும்புகிறார். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகள் இருக்கின்றன, திருச்செங்கோட்டில் ரிக் வண்டித் தொழில், சேலத்தில் சேகோ ஆலைகளும் உருக்காலையும். ஆனால் அவர் கடைசியில் போய் நிற்பது பெரும்பாலும் ஏதாவதொரு வாயிலில், காவலாளியாக. முன்னாள் படைவீரர்களுக்காக 1986-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம் பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதன் முதன்மை வேலையும் காவலர்களை அனுப்புவதுதான். பத்தாம் வகுப்புத் தேறிப் பதினைந்து ஆண்டு சேவை முடித்தவரைச் சில மத்திய அரசுப் பணிகளுக்குப் பட்டதாரிக்கு இணையாக ஏற்கிறார்கள். அவர் கைத்தொழிலை ஐ.டி.ஐ. சான்றுக்கு இணையாக ஒரு தனியார் பட்டறை முதலாளி ஏற்கும்படி செய்வது எந்தத் துறையின் வேலை? தொழில் துறை, தொழிலாளர் துறை, பொதுத் துறை மூன்றையும் ஒரே அறையில் உட்கார வைக்க அமைச்சரால்தான் முடியும். உதவி இயக்குநரால் முடியாது.

2024 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் அறிவித்த ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம் அந்தத் திசையில் ஓர் அடி. முன்னாள் வீரர் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், அதில் 30 விழுக்காடு மூலதன மானியம், 3 விழுக்காடு வட்டி மானியம். பட்டறை தொடங்க நினைப்பவருக்கு இது பெரிய தொகை. ஆனால் வங்கி மேலாளர் கோப்பைத் திருப்பி அனுப்பும்போது அவரிடம் பேச ஆள் வேண்டும். ஆட்சியர் நல்லவராக அமைந்தால் பேசுவார், மாற்றலாகிப் போனால் புதியவரிடம் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் முன்னாள் படைவீரர் சிறப்புக் குறைதீர்க்கும் நாளில் வரும் மனுக்களை வகைப்படுத்தி, இவற்றில் டெல்லிக்கு எத்தனை, பிரயாக்ராஜுக்கு எத்தனை, எத்தனை நாளில் பதில் வந்தது என்று ஆண்டுக்கு ஒருமுறை சட்டமன்றத்தில் வைக்கும் கடமை ஓர் அமைச்சருக்கு இருந்தால் போதும். மத்திய அரசின் தாமதத்தை மாநில அமைச்சர் கேட்க முடியாது என்பதில்லை. சைனிக் வாரியத்தில் மாநிலத்துக்கு இருக்கை இருப்பதே அதற்குத்தான்.

இதில் இப்போது ஓர் அவசரம் சேர்ந்திருக்கிறது. 2022 ஜூன் 14 அன்று அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த அக்னிவீரர்களுக்கு நான்கு ஆண்டுதான் சேவை. நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை தொடரலாம், மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு திரும்ப வேண்டும். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, இ.சி.எச்.எஸ். இல்லை, கேன்டீன் இல்லை. திட்டத்தின் நிபந்தனைப்படி முன்னாள் படைவீரர் என்ற தகுதியே இல்லை. சேலம், நாமக்கல் இளைஞர்கள் கோயம்புத்தூர் ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் வழியே இதில் சேர்ந்திருக்கிறார்கள். முதல் அணியின் நான்கு ஆண்டு 2026 கடைசியிலிருந்து முடிகிறது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன். துப்பாக்கி பிடித்த கை, ஊரில் மிலிட்டரிக்காரன் என்ற பேர். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வரையறைக்குள் அவன் வரமாட்டான்.

ஹரியானா 2024-இல் காவலர் போன்ற பணிகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்குப் பத்து விழுக்காடு ஒதுக்கியது. உத்தராகண்டும் சீருடைப் பணிகளில் அதே அளவு ஒதுக்கியது. சைனிக் நலத்துக்கென்று அமைச்சர் பொறுப்பு உள்ள மாநிலங்கள் இதில் முன்வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. மாநிலப் பணிகளில் முன்னாள் படைவீரர் என்றால் யார் என்று வரையறுப்பது மாநிலச் சட்டத்தின் கையில் இருக்கிறது. அதைத் திருத்த டெல்லியின் அனுமதி தேவையில்லை. கொடிநாள் நிதி சேரும் தொகுப்பு நிதியின் விதிகளையும் சென்னையிலிருந்தே மாற்றலாம். கோப்பை எடுத்து அமைச்சரவைக்குக் கொண்டுபோக ஒருவர் பெயர் சொல்லி நியமிக்கப்பட வேண்டும், முதல் அணி கோயம்புத்தூர் ரயிலில் வந்து இறங்குவதற்கு முன்னால்.